வீடு கைமாறுகிறது, உட்கூரையை யார் பார்ப்பது?

கிள்ளானில் ஓர் இரட்டை மாடி டெரஸ் வீடு விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கறிஞரின் கோப்பில் என்னென்ன சேரும்? விற்பனை ஒப்பந்தம், பெயர் மாற்றத்துக்கான 14A படிவம், நில வரி ரசீது, கதவு வரி ரசீது, வங்கிக் கடன் பாக்கிக் கணக்கு, சொத்து ஆதாய வரிப் படிவங்கள், தண்ணீர், மின்சாரம், கழிவுநீருக்கான இண்டா வாட்டர் பில்கள். கடைசி நாளில் சாவிக்கொத்து. விற்பவர் இண்டா வாட்டருக்குச் சில ரிங்கிட் பாக்கி வைத்திருந்தாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். நள்ளிரவில் தீப்பிடித்தால் மாடியில் தூங்குபவர்களை எழுப்ப அந்த வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கோப்பில் எந்தத் தாளும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. மலேசியாவில் வீட்டை விற்பவர் புகை அலாரம் பொருத்தியிருக்க வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும் என்ற விதி கிடையாது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸிலும் உண்டு. நமக்கும் அப்படி ஒன்று வேண்டுமா, வந்தால் யாரைக் காக்கும், யாரை விட்டுவிடும் என்பதைப் பார்ப்போம். வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் அந்த ஒரு விதியே போதும் என்று நம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

நம் சட்டம் வீட்டைப் பார்க்கிறது, ஒரே ஒரு முறை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் 1984இல் வந்தவை ஒருசீர்க் கட்டடத் துணைவிதிகள். ஒவ்வொரு மாநிலமும் அவற்றைத் தனித்தனியே அரசிதழில் ஏற்க வேண்டும். கோலாலம்பூருக்கு 1985இல் தனித் துணைவிதிகள் வந்தன. தீயைக் கண்டறியும் கருவி, அணைக்கும் கருவி, எச்சரிக்கை மணி ஆகியவற்றை எந்தக் கட்டடத்தில் எந்த அளவுக்கு வைக்க வேண்டும் என்பதை அவற்றின் 10ஆவது அட்டவணை சொல்கிறது. கட்டடம் உயர உயர, பரப்பு கூடக் கூட, அட்டவணை கேட்பதும் கூடும். உச்சித் தளம் 18.3 மீட்டருக்கு மேல் இருந்தால் தீயணைப்பு வண்டியிலிருந்து நீரேற்றும் உலர் குழாய் வேண்டும். 30.5 மீட்டரைத் தாண்டினால் எப்போதும் நீர் நிரம்பிய குழாய் வேண்டும். தனி வீடு, இரட்டை வீடு போன்ற சிறு குடியிருப்புகளுக்கு வரும்போது அட்டவணையின் குரல் தணிந்துவிடுகிறது. துணைவிதிகள் வருவதற்கு முன்பே கட்டி முடித்த வீடுகளை அது திரும்பிப் பார்ப்பதுமில்லை.

வீடு கட்டி முடிந்ததும் நிறைவுச் சான்றிதழ் தருகிறார்கள். 2007 ஏப்ரல் 12 முதல் அதை நகராட்சிக்குப் பதிலாகத் திட்டத்துக்குப் பொறுப்பான கட்டடக் கலைஞரோ பொறியாளரோ வழங்குகிறார். மேம்பாட்டாளரிடமிருந்து நேரடியாக வாங்குபவருக்குச் சட்டமே ஒப்பந்தப் படிவத்தை எழுதிக் கொடுத்திருக்கிறது. சாவி வாங்கிய நாளிலிருந்து 24 மாதங்கள் வரை குறைகளைச் சுட்டிக்காட்டித் திருத்தச் சொல்லலாம். அந்தக் காலம் முடிந்த பிறகு வீட்டுக்குள் எந்த அதிகாரியும் வருவதில்லை. பொம்பா என்று நாம் சொல்லும் தீயணைப்பு மீட்புத் துறை, 1988ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, ஹோட்டல், மருத்துவமனை, தொழிற்சாலை போன்ற பட்டியலிட்ட கட்டடங்களுக்குத் தீச் சான்றிதழ் தந்து ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது. நம் டெரஸ் வீடு அந்தப் பட்டியலில் இல்லை. ஒருவர் தன் வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது ஒப்பந்தம் இருவரும் பேசி எழுதிக்கொள்வது. பெரும்பாலும் அதில் ‘இருக்கும் நிலையில் இருக்கும்படியே’ என்று ஒரு வரி வந்துவிடும். பார்த்து வாங்கவேண்டியது வாங்குபவர் பாடு.

தீக்கு அஞ்சிச் சட்டம் போட்ட வரலாறு கோலாலம்பூருக்குப் புதிதல்ல. 1881 ஜனவரியில் நகரம் எரிந்தது. பலகையும் அத்தாப்பு ஓலையும் கொண்ட வீடுகள் வரிசையாகச் சாம்பலாயின. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளம். அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், கட்டடங்களைச் செங்கல்லும் ஓடும் கொண்டு எழுப்பச் சொன்னார். அவ்வளவு செங்கல்லுக்குச் சூளைகள் வேண்டுமே. இன்றைய பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் சூளைகள் எழுந்தன. நகரத்துச் சீனர்களின் தலைவர் யாப் ஆ லோய் அங்கே செங்கல் தொழில் நடத்தினார். பின்னால் ரயில்வே வந்தது, ரயில்வேயோடு யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்த் தொழிலாளர்களும் வந்தார்கள், கோயில்கள் வந்தன. ஸ்கோட் சாலைக் கந்தசாமி கோயிலுக்குப் பிரதட்சிணம் வருகிறவர்கள் நடப்பது ஒரு தீ விதிக்காகச் செங்கல் சுட்ட மண்ணின் மேல்.

அந்தப் பழைய விதியின் தர்க்கம் தெளிவானது. ஒரு வீட்டுத் தீ அடுத்த வீட்டுக்குப் பரவக் கூடாது. செங்கல் சுவர் அதைச் செய்தது, இன்றும் செய்கிறது. டெரஸ் வரிசையில் ஒரு வீடு முழுவதும் எரிந்து, இரண்டு பக்கத்து வீடுகளும் கரி படிந்ததோடு தப்பி நிற்பதை நாளிதழ்ப் படங்களில் பார்க்கிறோம். எரிந்த வீட்டுக்குள் இருந்தவர்களைப் பற்றித்தான் அந்தச் சட்டம் பேசவில்லை. அன்றைக்கு அதற்குத் தேவையும் குறைவு. அத்தாப்பு வீட்டில் பூட்டிய இரும்புக் கிரில்லும் கிடையாது, குளிர்சாதனத்துக்காகச் சாத்திய அறையும் கிடையாது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் டெரஸ் வீடு தன் நாற்பது ஐம்பது ஆண்டு வாழ்க்கையில் எப்படி மாறியது என்று பாருங்கள். தாமான் ஸ்ரீ அண்டலாஸ், தாமான் செந்தோசா போன்ற இடங்களில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இது கண்ணில் படும். முன்னால் கார் நிறுத்தும் இடம் முழுக்கக் காரும் மோட்டார்சைக்கிளும். வெளிக் கேட் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் போனால் கையால் திறக்கும் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும், அவர் ஊரில் இருக்க வேண்டும். வாசலில் இரும்புக் கிரில், அதற்கு ஒரு பூட்டு, உள்ளே மரக் கதவு. பின்னால் சமையலறையை எல்லைச் சுவர்வரை நீட்டியாயிற்று. பின்சந்துக்குப் போகும் சிறு கதவுக்கும் கிரில். அதன் முன்னால் வாஷிங் மிஷின். மாடி ஜன்னல்களில் திறக்க முடியாதபடி வெல்டிங் செய்த கம்பிகள். திருடனுக்குப் பயந்து செய்தவை எல்லாம். பயம் நியாயமானதுதான், கொள்ளை நடக்காத தாமான் எது? ஆனால் இரவு பதினொரு மணிக்கு எல்லாப் பூட்டுகளையும் போட்டுச் சாவிக்கொத்தைக் கீழே தொலைக்காட்சி மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போகிற குடும்பம், தீக்கு எதிராக என்ன செய்திருக்கிறது என்று யோசிப்பதில்லை.

வீட்டுக்குள் இருக்கும் சாமான்களும் மாறிவிட்டன. மரக்கட்டிலும் இலவம்பஞ்சு மெத்தையும் போய் நுரைப்பஞ்சு சோபா வந்தது. அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் ஒரே அளவிலான இரண்டு அறைகளை, ஒன்றைப் பழைய பாணிச் சாமான்களாலும் மற்றதை இக்காலச் சாமான்களாலும் நிரப்பி எரித்துப் பார்த்தது. இக்கால அறை நான்கு நிமிடத்துக்குள் முழுதாகப் பற்றிக்கொண்டது. பழைய அறைக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. நுரைப்பஞ்சுப் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. தூக்கத்தில் மூக்கு வேலை செய்யாது. புகை நெடி வந்தால் விழித்துக்கொள்வோம் என்று நம்பிப் படுக்கிறவருக்குப் புகை மயக்கத்தை ஆழமாக்குமே தவிர எழுப்பாது. அந்த நான்கு நிமிடத்தில் முதல் நிமிடத்தைப் பிடித்துக் கொடுப்பதே அலாரத்தின் வேலை. அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் நீண்ட காலக் கணக்குப்படி, அலாரம் வேலை செய்யும் வீடுகளில் தீயில் இறக்கும் வாய்ப்பு மற்ற வீடுகளில் உள்ளதில் பாதிக்கும் குறைவு.

ஆனால் மணி அடித்தால் மட்டும் போதாது என்பதற்கு கோலாலம்பூரிலேயே ஒரு கொடிய சாட்சி உண்டு. 2017 செப்டம்பர் 14, விடியற்காலை. கம்போங் டத்தோ கெராமாட்டில் தாருல் குர்ஆன் இத்திஃபாக்கியா சமயப் பள்ளியின் உச்சித் தளத் தங்கும் அறை எரிந்தது. இருபத்து மூன்று பேர் இறந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் சிறுவர்கள். தீயை வைத்தவர்கள் வெளியார். வெளியேறும் வழியில் தீ நின்றது, ஜன்னல்களில் கம்பி நின்றது. தீயணைப்புத் துறையின் அனுமதி இல்லாமல் இயங்கிய கட்டடம் அது. அங்கே அலாரம் இருந்திருந்தாலும் பிள்ளைகள் எழுந்து கம்பியைத்தான் பிடித்திருப்பார்கள். அதனால் விற்பனையின்போது புகை அலாரம் கேட்கும் சட்டத்தை யாராவது எழுதினால், உள்ளிருந்து திறக்கும் ஒரு ஜன்னல் கிரில்லையும் அதே பத்தியில் எழுத வேண்டும் என்பேன்.

கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் நம் வீடுகளில் இது தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் தவறான இடமும் தவறான வகையும். கடைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தின் துளியை வைத்து இயங்கும் அயனி வகை. சுடர்விட்டு எரியும் தீயை விரைவில் உணரும், தாளிப்புக்கும் கத்தும். மற்றது ஒளி வகை. உள்ளே ஓர் ஒளிக்கற்றை ஓடும், புகைத்துகள் அதைச் சிதறடித்தால் மணி அடிக்கும். சோபாவுக்கடியில் கனன்றுகொண்டிருக்கும் வயர் தீ போன்றவற்றை இது முன்னதாகப் பிடிக்கும். புதிய விதிகளில் பல நாடுகள் ஒளி வகையையே கேட்கின்றன. நம் வீட்டுக்கும் அதுவே பொருத்தம்.

வெள்ளிக்கிழமை மாலை சாமி மேடையில் குங்கிலியமோ சாம்பிராணியோ போட்டால் ஒளி வகையும் அடிக்கத்தான் செய்யும். அதற்காகப் பேட்டரியைக் கழற்றிவைப்பவர்கள் உண்டு, கழற்றியது திரும்பி ஏறியதே இல்லை. சாமி மேடைக்கு நேர் மேலே வைக்காமல், படிக்கட்டின் மேல்முனையிலும் படுக்கையறைக்குள்ளும் வைத்தால் இந்தத் தொல்லை வராது. சமையலறைக்குப் புகைக்குப் பதிலாக வெப்பத்தை உணரும் கருவி இருக்கிறது. ஏறத்தாழ 58 பாகை செல்சியசில் அடிக்கும், மிளகாய் வறுத்தால் அடிக்காது. உட்கூரையின் நடுவில், சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, மின்விசிறியும் குளிர்சாதனமும் புகையை விரட்டியடிக்காத இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும். நம் ஊரில் விசிறிதான் உட்கூரையின் நடுவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தனிச் சிக்கல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது. நாம் குளிர்சாதனத்தைப் போட்டுக் கதவைச் சாத்தித் தூங்குகிறோம். கீழே கூடத்தில் அடிக்கும் மணி, மூன்று மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் இருந்தாலும், மாடியில் சாத்திய அறைக்குள் முனகலாகத்தான் கேட்கும். ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் வகைதான் நம் தூக்கத்துக்குச் சரி. கம்பியில்லாமலே இணையும் கருவிகள் வந்துவிட்டதால் சுவரை உடைக்கவும் தேவையில்லை.

இனி வெளிநாட்டுக் கதைக்கு வரலாம். குயின்ஸ்லாந்தின் லோகன் நகரில் ஸ்லாக்ஸ் க்ரீக் என்ற இடத்தில் 2011 ஆகஸ்டில் ஒரு வீடு எரிந்து பசிபிக் தீவுக் குடும்பங்களைச் சேர்ந்த 11 பேர் இறந்தார்கள். அந்த மரணங்களின் விசாரணையிலிருந்து புதிய விதி பிறந்தது. ஒவ்வொரு படுக்கையறையிலும், படுக்கையறைகளை இணைக்கும் நடையிலும், ஒவ்வொரு தளத்திலும், ஒன்றோடொன்று இணைந்த ஒளி வகை அலாரம். 2017 ஜனவரி முதல் புதிய வீடுகளுக்கு, 2022 ஜனவரி முதல் விற்கும் வீடுகளுக்கும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கும், 2027 ஜனவரியில் மிச்சமுள்ள எல்லா வீடுகளுக்கும். இந்த வரிசையில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. விற்பனையும் வாடகையும் பணம் புரளும் நேரம். கருவியின் செலவு அந்தப் பேரத்தில் கரைந்துவிடும். விற்காமல் வாழ்பவருக்குப் பத்தாண்டு அவகாசம்.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. வீட்டை விற்பவர் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டு, அவர்கள் நேரில் வந்து சோதித்துச் சான்றிதழ் தர வேண்டும். அது 60 நாள் செல்லும். கலிஃபோர்னியாவில் விற்பவர் எழுத்தில் உறுதி தந்தால் போதும். ஸ்காட்லாந்து, லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் பிறகு, விற்பனை எதற்கும் காத்திராமல் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்கும் இணைந்த அலாரங்களைக் கேட்டது. பக்கத்துச் சிங்கப்பூர் 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்கும், தீப் பாதுகாப்பு வரைபடம் தாக்கல் செய்யவேண்டிய அளவுக்குப் புதுப்பிக்கும் வீடுகளுக்கும் விதித்தது. விற்பனையைத் தொடவில்லை.

நமக்கு எது ஒத்துவரும்? மாசசூசெட்ஸ் முறை இங்கே நடக்காது. ஏற்கெனவே பாம்பு பிடிக்கவும் குளவிக் கூடு கலைக்கவும் ஓடிக்கொண்டிருக்கிற பொம்பாக்காரர்களை ஒவ்வொரு வீட்டு விற்பனைக்கும் கூப்பிட்டால் வரிசை மாதக்கணக்கில் நீளும். வரிசை நீண்டால் குறுக்கு வழியும் முளைக்கும். அதைவிடச் சுலபமான ஒருவர் இருக்கிறார், அவரை யாரும் நினைப்பதில்லை. வாங்குபவர் கடன் கேட்டால் வங்கி ஒரு பதிவுபெற்ற மதிப்பீட்டாளரை அனுப்புகிறது. வீடு கைமாறும் நேரத்தில் தொழில்முறையாக உள்ளே வந்து, அறை அறையாகப் பார்த்து, படம் எடுத்து, அறிக்கை எழுதுகிறவர் அவர். கூரையில் நீர்க்கசிவு, சுவரில் விரிசல், நீட்டிய சமையலறைக்கு அனுமதி உண்டா இல்லையா என்பவை அவர் கண்ணில் படுகின்றன. அலாரம் உண்டா, எத்தனை, மேல்மாடியில் திறக்கும் கிரில் உண்டா என்ற மூன்று கேள்விகளை அவர் படிவத்தில் சேர்க்கப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. கடன் கொடுப்பவர் கேட்டால் விற்பவர் செய்வார். எரிந்துபோன வீட்டின் மேல் கடன் கொடுத்து நிற்பது வங்கிக்கும் நல்லதல்ல.

அதுவரை வாங்குபவர் தானே கேட்கலாம். வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தில் ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள்: ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒன்றோடொன்று இணைந்த ஒளி வகைப் புகை அலாரம் பொருத்தி, இயங்கும் நிலையில் ஒப்படைப்பது விற்பவர் பொறுப்பு, தவறினால் இவ்வளவு ரிங்கிட் கழிக்கப்படும். வழக்கறிஞர் புருவத்தை உயர்த்துவார், பிறகு எழுதிவிடுவார். பேட்டரியில் ஓடும் தனிக் கருவி ஒன்று நூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், இணையும் வகைக்குக் கூடுதலாகும். லட்சக்கணக்கில் பேரம் பேசும் வீட்டில் இது யாருக்கும் உறுத்தாது. சாவி வாங்கும் நாளில் கருவியைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். உற்பத்தி தேதி அச்சிட்டிருக்கும். பத்து ஆண்டு தாண்டினால், பொத்தானை அழுத்தும்போது மணி அடித்தாலும், உள்ளே புகையை உணரும் பகுதியை நம்ப முடியாது.

வயரிங்கையும் அதே பத்தியில் சேர்ப்பது நல்லது. எண்பதுகளில் இழுத்த வயரில் இன்று மூன்று குளிர்சாதனம், தண்ணீர்ச் சூடாக்கி, ஒரே பிளக்கில் நான்கு பிளக் என்று ஏற்றி வைத்திருக்கிறோம். பதிவுபெற்ற வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டு மின்கசிவு துண்டிப்பானைச் சோதித்து எழுத்தில் வாங்கினால், அலாரம் அடிக்கவேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

அடுக்குமாடியில் கணக்கு வேறு. கே.எல். சென்ட்ரலைச் சுற்றியுள்ள உயர்மாடிகளில் பொதுப்பகுதியின் அலாரப் பலகை, குழாய்கள், அவசரப் படிக்கட்டு எல்லாம் 2013ஆம் ஆண்டின் அடுக்ககப் பராமரிப்புச் சட்டப்படி நிர்வாக அமைப்பின் பொறுப்பு. உங்கள் கதவுக்கு உள்ளே உங்கள் பாடு. வாங்கப் போகும்போது உட்கூரையில் இருக்கும் கருவியை அண்ணாந்து பார்த்தால், சில வீடுகளில் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருக்கும். சாயம் பூசும்போது தூசி போகாமலிருக்கப் போட்டது, எடுக்க மறந்தது. மூடி போட்ட கருவி புகையைக் காணாது. அதைக் கழற்ற ஒரு நாற்காலி போதும்.

விற்பனை விதியின் பெரிய ஓட்டை ஏழை வீடுகளில் இருக்கிறது. விற்கப்படும் வீட்டை மட்டும் பிடிக்கும் விதி, விற்கப்படாத வீட்டைப் பிடிக்காது. மலிவு விலை வீடுகளுக்குப் பல இடங்களில் குறிப்பிட்ட ஆண்டுகள் விற்கத் தடை உண்டு. சிலாங்கூரில் அத்தகைய வீட்டை விற்க மாநில வீடமைப்பு அமைப்பின் ஒப்புதல் வேண்டும். பழைய மலிவு விலை அடுக்குவீடுகள் பல ஐந்து மாடி, லிப்ட் இல்லை, உச்சித் தளம் 18.3 மீட்டருக்குக் கீழே என்பதால் உலர் குழாயும் கட்டாயமில்லை. கூட்டம் அதிகம், பழைய வயர் அதிகம், பூட்டும் அதிகம். விதி வந்தால் கடைசியாகப் போய்ச் சேர்வது அங்கேதான். ஆனால் அந்த ஒப்புதல் மனுவே ஏற்கெனவே இருக்கும் ஒரு வாசல். மனுவை ஏற்கும் அலுவலகமே அலாரத்தையும் கேட்கலாம், கேட்டால் செலவையும் அதுவே ஏற்க வேண்டும். சிங்கப்பூர் தன் அரசு வாடகை வீடுகளுக்கு அந்த வழியில்தான் யோசித்தது.

வாடகைக்காரர்களின் நிலைமை இதைவிட மோசம். பிரிக்பீல்ட்ஸ் கடைவீடுகளின் மாடியைப் பலகை அடித்து நான்கைந்து அறையாகப் பிரித்து மாணவர்களுக்கும் வேலைக்கு வந்தவர்களுக்கும் விடுகிறார்கள். படிக்கட்டு ஒன்றுதான், அதன் கீழே பெரும்பாலும் சைக்கிளும் அட்டைப் பெட்டியும். அந்தக் கட்டடம் முப்பது ஆண்டு விற்பனைக்கு வராமலே இருக்கலாம். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் வேண்டும் என்ற பேச்சு நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கிறது. குயின்ஸ்லாந்து வாடகையையும் விற்பனையையும் ஒரே நாளில் சேர்த்தது சும்மா அல்ல. இங்கே முதலில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், வீட்டை விற்கிறவரை விட்டுவிட்டு அறையை வாடகைக்கு விடுகிறவரைப் பிடிக்கச் சொல்வேன்.